எட்டேகால் மணிப் போணி

டிசம்பர் 7, ஞாயிறு

இந்த டைரி என் மனைவி கலாவதி வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. "மோட்டுவளையப் பாத்துட்டு உக்காந்திருக்கறதுக்கு எதாச்சும் எழுதுங்க" என்று மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நான் மோட்டுவளையைப் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டில் மோட்டுவளையே கிடையாது, கான்கிரீட் தளம்தான்.

இனி ஞாயிற்றுக்கிழமைக் காய்கறி என் பொறுப்பு என்று முடிவாகியிருக்கிறது. முடிவு செய்தது யார் என்று எழுத வேண்டியதில்லை. ஆறு நாளும் பள்ளி அலுவலகத்தில் ரசீது போடுகிறவள் ஒரு நாளாவது ஏழு மணிவரை தூங்கட்டும். செருப்புக் கடையை மூடி ஒன்றரை வருஷமாகிறது. எனக்கு எல்லா நாளும் ஞாயிறுதான்.

ரயில்வே கேட்டுக்கு அப்பால், பழைய பஞ்சு ஜின்னிங் ஃபேக்டரி மைதானத்தில் இன்றுமுதல் பருவச் சந்தை. உடுமலையைச் சுற்றியுள்ள தோட்டக்காரர்கள் தாங்கள் பறித்ததைத் தாங்களே கொண்டுவந்து விற்கிறார்கள். பிப்ரவரி கடைசி வரை பன்னிரண்டு ஞாயிறு. காலை ஆறு மணிக்குக் கூடி ஒன்பதரைக்குக் கலைந்துவிடும். நான் எட்டு மணிக்கு மேல் போனேன். கூட்டம் குறைவாக இருக்கும் என்பதுதான் காரணம்.

வாங்கியவை: அவரைக்காய், தக்காளி, சின்ன வெங்காயம், ஒரு கட்டு முருங்கைக்கீரை. அவரைக்காயைக் கலாவதி முறத்தில் கொட்டிப் பார்த்தாள். "எல்லாரும் பொறுக்கிப் போட்டத அள்ளீட்டு வந்திருக்கீங்க" என்றாள். முப்பது வருஷம் வியாபாரம் செய்தவனுக்குப் பிஞ்சு எது முற்றல் எது என்று தெரியாதா? பிஞ்சு மிஞ்சியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

டிசம்பர் 14, ஞாயிறு

ஆறு மணிக்கே என்னை எழுப்பிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஆறேமுக்காலுக்கு மைதானத்துக்குப் போய்விட்டேன். ஆனால் உள்ளே போனது எட்டு மணிக்கு. நடுவில் எதிர்ப்பக்கத்து டீக்கடையில் இரண்டு டீ, ஒரு பருப்பு வடை.

அங்கே நின்றால் மைதானம் முழுக்கத் தெரியும். எந்தக் கடையில் ஒருவராவது வாங்கி முடித்தார், எந்தக் கடையில் இன்னும் போணி ஆகவில்லை என்று பார்த்துக்கொண்டேன். போணி ஆன கடைக்கு மட்டும்தான் போவது என்று வைத்திருக்கிறேன். அதற்கொரு காரணம் இருக்கிறது. அதெல்லாம் டைரியில் எழுதுகிற விஷயமில்லை.

கத்தரிக்காயில் புழு இருந்ததாம்.

டிசம்பர் 17, புதன்

கலாவதியின் பள்ளியில் கணக்கு டீச்சர் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டு முன்னறை காலியாக இருக்கிறதாம். தாராபுரம் சாலையைப் பார்த்த அறை, ஷட்டர் போட்டது. பிப்ரவரி முடியும்வரை வேறு யாருக்கும் வாடகைக்கு விடுவதில்லை என்று டீச்சர் வாக்குக் கொடுத்திருக்கிறார். "என்ன கடைன்னு நீங்களே யோசிங்க" என்றாள் கலாவதி, தோசையைத் திருப்பிக்கொண்டே, ஏதோ சட்டினிக்குத் தேங்காயா கடலையா என்று கேட்பது மாதிரி.

நான் யோசிக்கவில்லை. முதலில் ஜெராக்ஸ் கடை வைத்தேன். ஆறே மாதத்தில் எதிரில் இரண்டு வந்தன. அப்புறம் பேக்கரியில் பங்கு சேர்ந்தேன். சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் அடுப்போடு இடித்துவிட்டுப் போனார்கள். செருப்புக் கடையைத் திறந்த இரண்டாம் மாதம் ஊரடங்கு. நாலு வருஷம் இழுத்துப் பார்த்தேன். மூன்று கடைக்கும் முதல் பூட்டைத் திறந்தது இந்தக் கைதான். சொந்தக்காரர்கள் யாரும் என் முகத்துக்கு நேரே எதுவும் சொன்னதில்லை. அவர்கள் நல்லவர்கள்.

ஆவணியில் கலாவதியின் அண்ணன் நாச்சிமுத்து மச்சானின் மகன் செல்ஃபோன் கடை திறந்தான். அன்றைக்கு நான் மூன்று இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன். அதைப் பற்றியும் எழுத வேண்டியதில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது.

எட்டேகால் மணி. போணி ஆகாத கடை எதுவும் இருக்க முடியாத நேரம். கிழக்கு வரிசைக் கடைசியில் முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண், சாக்கு விரித்து அவரைக்காய் குவித்திருந்தாள். பெயர் துளசிமணி என்று பக்கத்துப் பூசணிக்காய்க்காரர் கூப்பிட்டதில் தெரிந்தது. காய் பிரமாதம். ஒன்றை ஒடித்தேன், படக்கென்று ஒடிந்தது. இன்னொன்றை ஒடித்தேன். விலையைக் கேட்டுவிட்டு, கொஞ்சம் குறைக்கச் சொல்ல வாயெடுத்தேன்.

"போணிங்ணா, பேரம் பேசாதீங்" என்று நோட்டை என் கையிலிருந்து எடுத்துக் கண்ணில் ஒற்றித் தராசில் வைத்தாள்.

எனக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. "இத்தன நேரத்துக்கா? மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்று கத்தினேன். பூசணிக்காய்க்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் ஒன்றும் நடக்காதது மாதிரி ஒரு கை கறிவேப்பிலையைக் கொசுறாகப் பையில் போட்டாள்.

வீட்டுக்கு வர மனம் வரவில்லை. டீக்கடையிலேயே நின்று அவள் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளாமை செய்து, பனியில் பறித்து, டெம்போவில் ஏற்றிக் கொண்டுவந்த காய். என் கை பட்டு அது அப்படியே திரும்பிப் போனால் நான் எந்த முகத்தோடு சாப்பிடுவேன்? ஒருவர் வந்தார், வாங்கினார். அப்புறம் இரண்டு பெண்கள். அப்புறம் ஓட்டல்காரர் ஒருவர் ஸ்கூட்டரோடு வந்து மீதியைச் சாக்கோடு கேட்டார். ஒன்பது மணிக்குத் துளசிமணி சாக்கை உதறி மடித்துவிட்டாள்.

நாலு டீ குடித்திருக்கிறேன்.

டிசம்பர் 22, திங்கள்

அவரைக்காய்ப் பொரியல். கலாவதி இரண்டாவது முறை போட்டுக்கொண்டாள்.

டிசம்பர் 28, ஞாயிறு

ஏழு மணிக்கு நான் மைதானத்து வாசலில் நுழையும்போதே துளசிமணி கடையிலிருந்து கையைத் தூக்கிக் கூப்பிட்டாள். "அண்ணா! இங்க வாங்ணா! போன வாரம் நீங்க போணி பண்ணி ஒம்பது மணிக்கெல்லாம் காலிங்! இன்னிக்கும் உங்க கையாலதான்."

வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒரு நாய்தான் நின்றது.

தயங்கித் தயங்கித்தான் வாங்கினேன். எட்டரைக்குக் காலி. பூசணிக்காய்க்காரர் இதையெல்லாம் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். "அடுத்த வாரம் என்ற கடைக்கும் ஒரு கை போணி பண்ணீருங்க தம்பி" என்றார். என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

ஜனவரி 4, ஞாயிறு

ஆறரைக்குப் போய்விட்டேன். டீக்கடைக்காரர் "என்ன சார், இன்னிக்கு நிக்கலயா?" என்றார். நேரமில்லை என்றேன்.

துளசிமணிக்குக் காய் விளைவிக்கத் தெரிகிறது, கடை வைக்கத் தெரியவில்லை. பிஞ்சும் முற்றலும் ஒரே குவியல். பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. குத்தவைத்து உட்கார்ந்து, பிஞ்சை முன்னால் தள்ளி, முற்றலைத் தனியாகக் கூறு கட்டி, "இது கொட்டைய உரிச்சுக் கொழம்பு வெக்கறதுக்கு" என்று சொல்லி விற்கச் சொன்னேன். தக்காளியில் முழுக்கப் பழுக்காமல் பச்சை வெட்டாக இருந்ததைப் பிரித்து, மூன்று நாள் தாங்கும் என்று ஒரு அம்மாவிடம் நானே சொன்னேன். அவர் இரண்டு கிலோ வாங்கினார். "நீங்க என்ன வேல பாக்கறீங்ணா?" என்று துளசிமணி கேட்டாள். ஒரு வேலையும் இல்லை என்பதைக் கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொன்னேன்.

பூசணிக்காய்க்காரருக்கும் போணி செய்தேன்: ஒரு பூசணிக்காய்.

ஜனவரி 11, ஞாயிறு

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு. மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. துளசிமணி கடை ஏழரைக்குக் காலி, பூசணிக்காய்க்காரர் எட்டுக்குக் காலி. இருவருக்கும் போணி நான்தான். பூசணிக்காய்க்காரர் என் வலது கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் வேண்டாம் வேண்டாம் என்றேன். ஆனால் கையை உடனே இழுத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் இரண்டு பூசணிக்காய் இருக்கின்றன. "என்னங்க இது, திருஷ்டி சுத்தறதுக்கா?" என்றாள் கலாவதி. சாயந்திரம் முழுக்க எதற்கோ விசிலடித்துக்கொண்டிருந்தேனாம்.

ஜனவரி 18, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ஆறே காலுக்கே போணி செய்தேன், இரண்டு கடைக்கும். ஏழு ஆயிற்று, எட்டு ஆயிற்று, ஆள் இல்லை. துளசிமணியின் அவரை வெயிலில் வதங்கிக்கொண்டிருந்தது. பூசணிக்காய்க்காரர் கொண்டுவந்த நாற்பது காயில் என்னுடையதைத் தவிர முப்பத்தொன்பதும் அப்படியே இருந்தன. ஒன்பதரைக்கு இருவரும் டெம்போவில் ஏற்றினார்கள். அவர் என் பக்கம் திரும்பாமல் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். நான் மைதானத்தின் பின்வழியாக வந்துவிட்டேன்.

எனக்குத் தெரியும். நாலு வாரம் சும்மா தப்பித்திருக்கிறது. இந்தக் கையை நான் பாக்கெட்டுக்குள்ளேயே வைத்திருந்திருக்க வேண்டும்.

ஜனவரி 22, வியாழன்

கணக்கு டீச்சரின் அறை பற்றிக் கலாவதி மறுபடி கேட்டாள். முடியாது என்றேன். இனிமேல் இந்தப் பேச்சை எடுக்காதே என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

ஜனவரி 25, ஞாயிறு

கால் வலி என்று படுத்துக்கொண்டேன். பொய்தான். கலாவதி பையை எடுத்துக்கொண்டு அவளே போனாள்.

எட்டு மணிக்கு வந்து பையை வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். "அங்க நீங்க பெரிய ஆளாமே. துளசிமணின்னு ஒரு புள்ள, அண்ணா வரலீங்களா, ஒடம்பு சரியில்லீங்களான்னு கேட்டுது. போணி பண்ற கை உங்களுதாமே."

நான் சுவரைப் பார்த்தேன். எனக்கு ராசி இல்லை என்று எனக்கே தெரியும்போது அவர்களை ஏமாற்றிவிட்டேன், போன வாரம் அவர்கள் காய் எல்லாம் வீணாகிவிட்டது என்று சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அதை இதுவரை வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை.

கலாவதி கொஞ்ச நேரம் முந்தானை நுனியை மடித்துக்கொண்டிருந்தாள். "எங்கண்ணன் பையன் கடை தொறந்த அன்னிக்கு எல்லாரும் போணி பண்ண வரிசையில நிக்கறப்ப, மாப்ளை நீங்க போய்ச் சாப்புடுங்க, அவசரமில்லன்னு எங்கண்ணன் உங்கள மட்டும் அனுப்பிச்சாங்க. நானும் பாத்துட்டுத்தான் நின்னேன். அப்பவே கேட்டிருக்கோணும். கேக்காம உட்டுட்டேன்" என்றாள்.

ஐந்து மாதமாக அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து போய் எனக்கும் சேர்த்துக் காப்பி போட்டாள்.

பிப்ரவரி 1, ஞாயிறு

துளசிமணியிடம் நேரில் சொல்லிவிடுவது என்று போனேன். வேண்டுமென்றே எட்டேகாலுக்கு. ஆள் இல்லாத நேரம் பார்த்து, "இனிமே என்னெக் கூப்புடாதம்மா. என் கை ராசியில்லாத கை. மூணு கடைய மூடுன கை. அன்னிக்கு மொத நாள் தெரியாமப் போணி பண்ணிட்டேன்" என்றேன்.

அவள் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டும் நிற்கவில்லை.

"ஐயோ அண்ணா! அன்னிக்கு உங்களுக்கு முன்னாடி ஏழு பேரு வாங்கீட்டாங். எட்டேகாலுக்கு எவளாச்சும் போணி ஆகாம உக்காந்திருப்பாளா? நீங்க ஒவ்வொரு காயா ஒடிச்சுப் பாத்தீங்களா, சரி, இந்தாளு வெலயையும் ஒடிச்சுருவாருன்னு நெனச்சேன். போணின்னு சொன்னா ஆரும் பேரம் பேச மாட்டாங்கல்ல. வாரத்துக்கு நாலு பேர்கிட்டச் சொல்லுவனுங்."

"அப்பறம் அடுத்தடுத்த வாரம்?" என்று கேட்டேன்.

"சும்மா ஒரு வார்த்தைக்குக் கூப்புட்டேன். நீங்க அதுக்காவே வெடியால வர ஆரம்பிச்சீங்க. வந்து காயப் பிரிச்சு அடுக்கிக் குடுத்தீங்க. நீங்க பாத்துப் பாத்து எடுக்கறத வேடிக்க பாக்க நாலு பேரு நின்னாங்க, நின்னவங்க வாங்குனாங்க. அதெதுக்குக் கெடுக்கோணும்னு உட்டுட்டேன்."

"பொங்கலுக்கு அடுத்த வாரம்?"

"பொங்க முடிஞ்ச ஞாயித்துக்கெழம எவனாச்சும் பூசணிக்காயும் அவரக்காயும் வாங்குவானாங்ணா? ஊரே கறிக்கடையில நிக்குது. எங்கூட்லயே அன்னிக்குக் கோழிக் கொழம்பு."

எனக்கு வந்தது கோபம்தான். ஒன்றும் வாங்காமல் விறுவிறுவென்று கேட்வரை நடந்தேன். ராசியில்லாதவன் என்ற பட்டமும் போயிற்று, ராசிக்காரன் என்ற பட்டமும் போயிற்று. ஐம்பத்து நாலு வயதில் ஒரு பட்டமும் இல்லாமல், மூடிய ரயில்வே கேட்டின் முன்னால் பழனி ரயில் போகும்வரை நின்றேன். அப்புறம் வீட்டில் தக்காளி இல்லை என்பது ஞாபகம் வந்து திரும்பிப் போனேன்.

"வாங்ணா" என்றாள், எதுவும் நடக்காத மாதிரி. பேரம் பேசினேன். குறைத்தாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

சந்தை முடிந்து மார்ச்சில் இவர்கள் காயை என்ன செய்வார்கள் என்று கேட்டேன். மண்டிக்குத்தான் போகுமாம். ராத்திரியே பறித்து ஏற்ற வேண்டும், மண்டி சொல்வதுதான் விலை. காலையில் பறித்ததைக் காலையிலேயே விற்கிற சுகம் இந்த மூன்று மாதத்தோடு சரி என்றார் பூசணிக்காய்க்காரர். அவருக்கு உண்மையை நாங்கள் இருவருமே சொல்லவில்லை. ஒரு பூசணிக்காய் போணி செய்தேன்.

பிப்ரவரி 11, புதன்

சாயந்திரம் நடந்துவிட்டு வரும்போது கணக்கு டீச்சர் வீட்டுப் பக்கமாக வர நேர்ந்தது. ஷட்டருக்கு கிரீஸ் போட வேண்டும். வேறொன்றுமில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

கலாவதியும் கூட வந்தாள். வாரத்தில் நாலு நாள் காலையில் பறித்த காயை ஆறு மணிக்குள் என் கடைக்குக் கொண்டுவந்து போட முடியுமா என்று துளசிமணியிடம் கேட்டேன். 'என் கடை' என்ற சொல் வாயிலிருந்து வந்ததும் நானே ஒரு நொடி நின்றுவிட்டேன். கலாவதி வேறு பக்கம் திரும்பி ஒரு சுரைக்காயைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். அது நல்ல காய்தான், அவ்வளவு நேரம் தட்ட வேண்டியதில்லை.

"டெம்போ உங்க கடை வழியாத்தாங் போகுது, போட்டுட்டாப் போவுது" என்றாள் துளசிமணி.

பிப்ரவரி 22, ஞாயிறு

கடைசிச் சந்தை. எல்லோரும் சீக்கிரமே மூட்டை கட்டினார்கள்.

மார்ச் இரண்டாம் தேதி கடை திறப்பு. கலாவதியிடம் ஒன்று சொன்னேன்: எதற்கும் உங்கள் அண்ணனையே போணி செய்யச் சொல்லிவிடு, அவர் கை நல்ல கை என்று ஊரே சொல்கிறது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இன்னுமா?" என்றாள். தெரிந்துகொள்வது ஒன்று, பயம் போவது இன்னொன்று. என்ன செய்ய?

மார்ச் 2, திங்கள்

நாலரைக்கே விழிப்பு வந்துவிட்டது. ஷட்டர் சத்தமே இல்லாமல் ஏறியது. ஐந்தே முக்காலுக்குத் துளசிமணியின் டெம்போ வந்து அவரை, தக்காளி, கத்தரி, கீரை, பூசணி எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் போனது. அடுக்கினேன். கலைத்துவிட்டு மறுபடி அடுக்கினேன். ஏழரைக்கு ராகுகாலம், அதனால் ஏழு மணிக்கே வந்து போணி செய்துவிடுவதாக நாச்சிமுத்து மச்சான் சொல்லியிருந்தார். கலாவதி வீட்டில் கேசரி கிளறிக்கொண்டிருந்தாள்.

ஆறு இருபதுக்கு எதிர்ப்பக்கம் புங்கமரத்தடியில் ஒரு பெண் வந்து நின்றார். நாற்பது வயது இருக்கலாம். கையில் வயர் கூடை. கடையைப் பார்ப்பார், சாலையை இரண்டு பக்கமும் பார்ப்பார், மறுபடி கடையைப் பார்ப்பார். பஸ்ஸுக்கு நிற்கிறார் என்று முதலில் நினைத்தேன். பஸ் வந்தது, போனது, அவர் ஏறவில்லை.

அப்போதுதான் புரிந்தது. அது நான் டீக்கடையில் நின்ற நிற்பு.

"வாங்கம்மா, காய் வந்திருச்சு" என்றேன்.

"இல்லீங்க, மொதல்ல வேற ஆராச்சும் வாங்கட்டுங்க. நான் அப்பறமா வாங்கிக்கறேன்" என்றார். குரல் கீழேயே போயிற்று. அவருக்கு யார் என்ன சொன்னார்களோ, எந்த விசேஷ வீட்டில் எந்த நேரத்தில் சாப்பிட அனுப்பினார்களோ.

என் முன்னால் ஒரு காய்கூடக் கலையாத அடுக்கு. மணி ஆறு இருபத்தைந்து. மச்சான் வர இன்னும் அரை மணிக்கு மேல் இருக்கிறது.

"அதெல்லாம் காத்தாலயே நாலு பேரு வாங்கீட்டுப் போய்ட்டாங்கம்மா. நீங்க அஞ்சாவது. தைரியமா வாங்க" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. சாலையைக் கடந்து வந்து ஒரு அவரைக்காயை எடுத்து ஒடித்துப் பார்த்தார். படக்கென்று ஒடிந்தது. அரைக் கிலோ அவரை, அரைக் கிலோ தக்காளி. ஒரு கை கறிவேப்பிலையை எடுத்துக் கூடையில் போட்டேன். "நாளைக்கும் இருக்குமுங்களா?" என்று கேட்டார். செவ்வாயும் உண்டு, வியாழனும் சனியும் உண்டு என்றேன்.

அவர் வளைவில் திரும்பும்வரை நோட்டைக் கையிலேயே வைத்திருந்தேன். பிறகு கண்ணில் ஒற்றித் தராசைத் தொட்டு எடுத்துக் கல்லாவில் போட்டேன். கண்ணில் ஒற்றும்போது நோட்டு கொஞ்சம் நனைந்துவிட்டது.

ஏழு மணிக்கு மச்சான் வெள்ளை வேட்டியில், கையில் மாலையோடு வந்தார். சாமி படத்துக்குப் போட்டுவிட்டு, இருப்பதிலேயே பெரிய பூசணிக்காயாகப் பார்த்துத் தூக்கித் தராசில் வைத்தார். விலையைச் சொன்னேன். செல்ஃபோன் கடைக்காரனின் அப்பா அல்லவா, புருவம் லேசாக உயர்ந்தது.

"போணிங்க மச்சான்" என்றேன்.

அவர் பேரம் பேசவில்லை.